டீசல் என்றொரு மனிதர்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதைச் சென்ற ஆண்டு வரை நான் அறியேன். என் தந்தையாரும் அறியார். முப்பது ஆண்டுகளாக டீசல் இன்ஜின்களைக் கழற்றி மாட்டியே எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றி வருபவர் அவர். மண்ணெண்ணெய், பெட்ரோல் என்பதைப் போல இதுவும் ஓர் எண்ணெயின் பெயர் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

எங்கள் ஊர் அணுபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். அணுசக்தித் துறையில் பணிபுரிவோருக்காக எழுந்த குடியிருப்பு அணுபுரம். ஊரின் பெயரிலேயே அணு இருக்கிறது. பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் மின் இணைப்புக் கிடைக்காத வயற்கிணறுகள் இன்றும் உண்டு. அங்கெல்லாம் தண்ணீர் இறைப்பது ஐந்து குதிரைத்திறன் கொண்ட ஆயில் இன்ஜின்தான். என் தந்தையாரிடம் அப்படி இரண்டு இன்ஜின்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார். மற்ற நேரங்களில் பிறருடைய இன்ஜின்களைப் பழுது பார்ப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையாகாது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுக் குறையும்.

நண்பர்களே! இரண்டாம் ஆண்டில் வேதியியல் கருத்தரங்குக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு, உயிரி டீசலுக்கான மாற்று மூலப்பொருள்கள் என்பது. நூலகத்தில் அதற்காக எடுத்த முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு செய்தி இருந்தது. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசலின் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது என்பதே அது. ஒரு மனிதர், ஓர் இயந்திரம், நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் எண்ணெய்! அன்று கருத்தரங்குக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு அந்த மனிதரைத் தேடத் தொடங்கினேன்.

ருடால்ப் டீசல் 1858 மார்ச் 18 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தியோடர், ஆக்ஸ்பர்க் நகரத்துப் புத்தகம் கட்டும் தொழிலாளி. பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்து தோல் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். தாய் எலீஸ். வீட்டிலேயே பட்டறை, பட்டறையிலேயே வீடு. செய்து முடித்த பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் பாரிசின் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவான். பழைய நீராவி வண்டியும் பலவகை இயந்திரங்களும் அங்கே இருந்தன. அவற்றைப் பார்த்துப் படம் வரைவதே அவனுக்கு விளையாட்டு.

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் பகைவர்களாகிவிட்டனர். பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டீசல் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே வறுமை அவர்களை வாட்டியது. எல்லோருக்கும் சோறு போட முடியாத நிலையில், பன்னிரண்டு வயது ருடால்பைத் தனியே ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். போர்க்கால ஐரோப்பாவில் ஒரு சிறுவனின் தனிப்பயணம் அது. செங்கல்பட்டுக்கு முதன்முதலாகத் தனியே பேருந்தில் வந்த நாளில் எனக்கு வயது பதினேழு. அன்று என் கை நடுங்கியது நினைவுக்கு வருகிறது.

அந்த உறவினர் பார்னிக்கல் என்பவர் கணித ஆசிரியர். நல்ல வேளை! அவர் வீட்டில் சோறும் இருந்தது, படிப்பும் இருந்தது. பதினான்கு வயதில், தான் பொறியாளராகப் போவதாக ருடால்ப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். தொழிற்பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். 1875 இல் மியூனிக் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. பெற்றோருக்கோ விருப்பமில்லை. படித்தது போதும், வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. கல்லூரி என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது; மாதம் இவ்வளவு வரும் என்றால் எல்லோருக்கும் புரியும். ருடால்ப் மியூனிக்குக்குப் போனார். நான் இங்கே வந்தேன்.

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் கார்ல் லிண்டே. குளிர்பதன இயந்திரத்தின் தந்தையருள் ஒருவர். ஒருநாள் வகுப்பில் அவர் நீராவி எந்திரத்தின் குறையை விளக்கினார். எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மற்றதெல்லாம் வீண். ஆனால் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824 இலேயே எழுதிவைத்த கொள்கைப்படி பார்த்தால் அதைவிட எவ்வளவோ மிகுதியாகப் பெற முடியும். நமக்கு இரண்டாம் பருவத்தில் வரும் அதே கார்னோ சுழற்சிதான்! நாம் அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். டீசல் அதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் அதன் பின்னாலேயே போனார்.

1879 இல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து தேர்வெழுத முடியாமற் போயிற்று. அடுத்த தேர்வு வரை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் சுல்சர் நிறுவனத்தில் வேலை பழகினார். 1880 இல் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்ணுடன் வெளிவந்தார். பின்னர் பாரிசில் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலைப் பொறுப்பு. 1883 இல் மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் பனிக்கட்டி, இரவில் தம் கனவு இயந்திரம். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியைக் கொண்டு ஓட்டலாம் என்று பல ஆண்டுகள் முயன்றார். அது கைகூடவில்லை. 1890 இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் வழி பிறந்தது.

அந்த வழி என்ன? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் அனைவரும் அதை அறிவோம். பம்பின் அடிப்பகுதி கை வைக்க முடியாதபடி சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகிறது. இன்னும் இன்னும் அழுத்தினால்? எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். அழுத்தப்பட்டுக் கொதிக்கும் அந்தக் காற்றுக்குள் எரிபொருளைச் சரியான நொடியில் தூவிவிட்டால் போதும். தீப்பொறி வேண்டாம், திரி வேண்டாம். பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் உண்டு, ஆயில் இன்ஜினுக்கு இல்லை என்று என் தந்தையார் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஏன் இல்லை என்பதை டீசலின் வாழ்க்கையைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடமும் ஆளும் தர, புகழ்பெற்ற குருப் நிறுவனமும் பணம் தர முன்வந்தது. 1893 ஆகஸ்ட் 10 ஆம் நாள் முதற்சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் வெடித்தது. அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றவர்கள் பிழைத்ததே பெரிது. ஆனால் டீசல் மகிழ்ந்தார். எண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டதன்றோ! 1894 பிப்ரவரி 17 ஆம் நாள் அந்த இயந்திரம் முதன்முறையாகத் தன் சொந்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. ஒரே ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தை ஒழுங்காக நீட்டிக்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1897 பிப்ரவரி 17 ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது திறன் 26 விழுக்காடு. அன்றைய நீராவி எந்திரங்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உலகம் வியந்தது. உரிமம் வாங்க வெளிநாட்டார் வந்தனர். டீசல் செல்வந்தரானார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீசல் கனவு கண்டது பெரிய இயந்திரத்தை அன்று. நீராவி எந்திரம் பெரிய முதலாளிக்கே கட்டுப்படியாகும். அதனால் சிறு தொழிலாளர்கள் நசிந்து ஆலைக் கூலிகளாகிறார்கள் என்பதைப் புத்தகம் கட்டுவோரின் குடும்பத்தில் பிறந்த அவர் கண்ணாரக் கண்டிருந்தார். சிறு பட்டறையில், ஊர்ப்புறத்தில், ஒரு கைவினைஞன் தானே வைத்து ஓட்டக்கூடிய சிக்கனமான இயந்திரமே அவர் விருப்பம். அது மட்டுமன்று, கிடைக்கும் எரிபொருள் எதுவாயினும் அதில் எரிய வேண்டும். தொடக்கத்தில் நிலக்கரித் தூளையே அவர் நம்பினார். அது சிலிண்டர் சுவரைத் தேய்த்து அழித்தது. பெட்ரோல் வகை பார்த்தார், விளக்கெரிக்கும் எண்ணெய் பார்த்தார். இன்று மாற்று மூலப்பொருள் என்று நாம் எதைத் தேடுகிறோமோ, அந்தத் தேடல் இயந்திரம் பிறந்த அன்றே பிறந்துவிட்டது எனலாம். ஆனால் செய்து முடித்த இயந்திரமோ மூன்று மீட்டர் உயரம். அதை எந்தப் புத்தகப் பட்டறையில் வைப்பது?

இனி 1900 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு வருவோம். டீசலின் இயந்திரத்துக்கு அங்கே மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கு வைக்கப்பட்ட இயந்திரங்களுள் சிறிய ஒன்றைப் பிரெஞ்சு அரசின் விருப்பப்படி கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைகிறது. நிலக்கரியை இறக்குமதி செய்யாமல் அங்கேயே விளைவதைக் கொண்டு ஆற்றல் பெறலாமே என்பது அரசின் கணக்கு. கனிம எண்ணெய்க்காகச் செய்த இயந்திரம் எந்த மாற்றமும் இன்றிக் கடலை எண்ணெயில் ஓடியது. அவ்வளவு ஒழுங்காக ஓடியதால் பார்வையாளர் பலர் வேறுபாட்டைக் கவனிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களின் நிலக்கடலையும் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்துச் செக்குகளுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

டீசல் அதை மறக்கவில்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆமணக்கெண்ணெயையும் விலங்குக் கொழுப்பெண்ணெயையும் கொண்டு நடந்த சோதனைகளையும் எடுத்துக்காட்டி, 1912 அளவில் எழுத்திலும் உரையிலும் தாவர எண்ணெயைப் பற்றிச் சொன்னார். இன்று அது அற்பமாகத் தோன்றலாம். காலப்போக்கில் பெட்ரோலியத்துக்கு நிகராக முக்கியம் பெறலாம். மற்றெல்லா எரிபொருளும் தீர்ந்தாலும் கதிரவன் இருக்கும்வரை உழவுக்கு ஆற்றல் இருக்கும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வளவு தொலைநோக்குடையவர் தம் சொந்தக் கணக்கில் கோட்டை விட்டார். வழக்குகள் வந்தன. அழுத்தப் பற்றவைப்பு எங்கள் கண்டுபிடிப்பே என்று சிலர் வாதிட்டனர். அவசரத்தில் விற்ற இயந்திரங்கள் பழுதாகித் திரும்பின. 1898 இல் உடலும் மனமும் சோர்ந்து மருத்துவமனையில் இருந்தார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்தில் பணம் போட்டு இழந்தார். கலீசியா நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் போட்டும் இழந்தார். கடலை எண்ணெயில் இயந்திரம் ஓட்டிய மனிதருக்குப் பெட்ரோலியக் கிணற்றில் நட்டம்! தொழிலாளரே கூட்டாகத் தொழிலை நடத்தும் வழியைப் பற்றி 1903 இல் ஒரு நூல் எழுதினார். பத்தாயிரம் படிகள் அச்சிட்டதில் சில நூறே விற்றன. இயந்திரத்தைவிட அந்த நூலையே அவர் பெரிதாக மதித்தார் என்பர்.

1912 இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இயந்திரங்களுடன் கடலோடத் தொடங்கியது. கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் அவருடைய இயந்திரம் தேவைப்பட்டது. அவருக்கோ வட்டி கட்டப் பணம் இல்லை. 1913 செப்டம்பர் 29 ஆம் நாள் மாலை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்து செல்ல ஏறினார். நண்பர்களுடன் உணவருந்தினார். காலையில் ஆறேகால் மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தின் கைப்பிடி அருகே மடித்து வைக்கப்பட்டிருந்தன. பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு முதலிய சில பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அப்பொருள்கள் தந்தையுடையவையே என்று மகன் ஓய்கன் அடையாளம் சொன்னார். வயது ஐம்பத்தைந்து. ஒற்றர்கள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்று இன்றும் கதை கட்டுவார் உண்டு. ஊருக்குப் புறப்படுமுன் மனைவியிடம் கொடுத்த பையில் பணமும், வெறுமையான வங்கிக் கணக்கின் விவரமும் இருந்தன. எனக்கு அந்தக் கதைகளை நம்பத் தோன்றவில்லை. கடன்காரன் வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை எங்கள் தெருவில் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் மறைவுக்குப் பின் நடந்ததுதான் விந்தை. பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தது. இயந்திரமும் அதற்கேற்ப மாறியது. எதையும் எரிக்கும் இயந்திரமாக அவர் எண்ணியது ஒரே எண்ணெய்க்கு அடிமையானது. அந்த எண்ணெய்க்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் கனவில் ஒரு பாதி பலித்தது. இயந்திரம் சிறுத்தது. மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோகும் அளவுக்குச் சிறுத்து, ஆயில் இன்ஜின் என்ற பெயரில் எங்கள் ஊர்க் கிணற்றடிக்கே வந்து சேர்ந்தது.

மற்றப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த முட்டாள்தனமும் இதில் அடங்கும்.

பாரிசின் கதையைப் படித்த வேகத்தில், கடலை எண்ணெயில் ஓடியது புங்க எண்ணெயில் ஓடாதா என்று தந்தையாரிடம் கேட்டேன். கடலை எண்ணெயை எரிப்பது பாவம். நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. புங்க எண்ணெய் கசப்பு, உண்ண உதவாது. அணுபுரம் சாலையிலும் ஏரிக்கரையிலும் புங்க மரங்களுக்குக் குறைவில்லை. பங்குனி சித்திரையில் என் தாயார் புங்கங்கொட்டை பொறுக்கி விற்பது வழக்கம். ஒரு மூட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டி, எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டீசலுடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். இன்ஜின் ஓடியது! நான் குதித்தேன். நான்கைந்து நாளில் கரும்புகை வந்தது. பிறகு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் நாசில் முழுதும் கரிப்பிசின். ரிங்கும் ஒட்டிக்கொண்டது. வாடகைக்கு எடுத்திருந்தவரின் கடலைப் பயிருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. தந்தையார் என்னைத் திட்டவில்லை. புது நாசில் வாங்கக் கடன் கேட்டுப் போனார். அது திட்டியதைவிடக் கொடுமையாக இருந்தது.

தவறு எங்கே? எங்கள் பேராசிரியர் விளக்கினார். தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. பழங்காலப் பெரிய இயந்திரத்தில் அழுத்தக் காற்றின் உதவியால் எரிபொருளை ஊதி உள்ளே செலுத்தினார்கள், அது பொறுத்துக்கொண்டது. இன்றைய இன்ஜினின் நாசில் துளையோ ஊசிமுனை போன்றது. கெட்டி எண்ணெய் பனிபோலத் தூவாமல் துளியாக விழுந்து, அரைகுறையாக எரிந்து கரியாகிறது. இதற்குத் தீர்வு கண்டவர் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்து ஷவான் என்பவர். 1937 இல், டீசல் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், அவர் காப்புரிமை பெற்றார். எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரின் என்ற முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்களைச் சுமந்த ஒன்று. ஆல்கஹாலையும் சிறிது வினையூக்கியையும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் கழன்று அடியில் தங்கும். மேலே நிற்கும் மெல்லிய எஸ்டர்தான் உயிரி டீசல். அடுத்த ஆண்டு பிரசல்சுக்கும் லூவனுக்கும் இடையே பேருந்து ஒன்று பாமாயிலிலிருந்து செய்த எஸ்டரில் ஓடியது.

ஆகவே எதிலிருந்து செய்வது என்பதே மிச்சமுள்ள கேள்வி. ஐரோப்பியர் கடுகினத்து ரேப் விதையையும், அமெரிக்கரும் பிரேசில்காரரும் சோயாவையும், இந்தோனேசியர் பாமாயிலையும் கொண்டு செய்கிறார்கள். இந்தோனேசியாவில் 2023 முதல் டீசலில் 35 விழுக்காடு கலந்தார்கள். காட்டை அழித்துப் பனை நடுவதாக அதற்குப் பழியும் உண்டு. நம் நாடு காட்டாமணக்கை நம்பியது. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி அமிர்தசரஸ் சதாப்தி விரைவுவண்டி 5 விழுக்காடு உயிரி டீசலுடன் சோதனையாக ஓடியது. 2003 இல் திட்டக் குழு பெருந்திட்டம் தீட்டியது. தரிசில் தண்ணீரின்றி வளரும், ஆடு கடிக்காது என்று தமிழ்நாட்டிலும் உழவர்கள் நட்டார்கள். வளர்ந்தது உண்மை. ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்க்கவில்லை. காய்த்ததை ஒரே நேரத்தில் பறிக்கவும் முடியவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் நட்ட காட்டாமணக்கு இன்று அவர் கொல்லைக்கு வேலியாக நிற்கிறது. 2018 இன் உயிரி எரிபொருள் கொள்கை, பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் உண்ணா எண்ணெய் விதைகளையும் சேர்த்து, 2030 க்குள் 5 விழுக்காடு கலப்பு என்று இலக்கு வைத்திருக்கிறது.

நாசில் கடனை அடைக்கும் வழி தெரியாவிட்டாலும் வேதியியலாவது தெரியட்டும் என்று கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் முன்னிலையில் மீண்டும் தொடங்கினேன். முதல் முறை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் குடுவை முழுதும் சோப்பாகிவிட்டது. ஆய்வகமே சிரித்தது. புங்க எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் மிகுதி. காரத்தை அது விழுங்கிவிடுகிறது. தரம்பார்த்து அமிலத்தை அளந்து, முதலில் மெதனாலுடன் கந்தக அமிலம் சேர்த்து அதைக் குறைத்து, பிறகு காரம் சேர்த்து 60 பாகையில் வைத்தபோது, மறுநாள் காலை பிரிபுனலில் இரண்டு அடுக்குகள் தெளிவாக நின்றன. கீழே பழுப்புக் கிளிசரின். மேலே தேன் நிறத்தில் எஸ்டர். அந்தக் காட்சியை நான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல வரவில்லை.

கழுவி உலர்த்திய ஐந்து லிட்டரைப் பேராசிரியரின் ஒப்புதலோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன். தந்தையார் தயங்கினார். தயங்கத்தானே செய்வார்! ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கலந்து, இரண்டில் பழைய இன்ஜினில் ஊற்றச் சம்மதித்தார். கைப்பிடியைச் சுற்றிவிட்டு அருகில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார். புகையைப் பார்க்கவில்லை, ஓசையைத்தான் கேட்டார். தீரும்வரை ஓடிய பின் நாசிலைக் கழற்றித் துணியில் துடைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அன்றிரவுதான் டீசல் என்ற மனிதரின் கதையை அவருக்குச் சொன்னேன். கடலில் விழுந்த இடத்தில் நிறுத்தி, எவ்வளவு கடன் என்று கேட்டார்.

ஆனால் கணக்கை மறைக்கக் கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ நான்கு கிலோ புங்க விதை வேண்டும். எங்கள் ஊரிலுள்ள எல்லா மரங்களையும் உலுக்கினாலும் எங்கள் இரண்டு இன்ஜின்களை ஆண்டு முழுதும் ஓட்ட முடியாது. மெதனால் இன்னொரு தடை. அது கொடிய நஞ்சு. உரிமம் இல்லாமல் வாங்கவோ வைக்கவோ கூடாது. 2023 மே மாதத்தில் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணம் பக்கத்திலும் மெதனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டது நமக்குத் தெரியும். ஊர்தோறும் அதை வைத்துக் காய்ச்சலாம் என்று நான் எழுதினால் அது பொறுப்பற்ற எழுத்தாகும். செய்தால் கூட்டுறவாக, உரிமத்துடன், பயிற்சி பெற்றவர் கையில் செய்ய வேண்டும். டீசல் தம் 1903 ஆம் ஆண்டு நூலில் எழுதியதும் ஏறக்குறைய அதுதான் என்பது எனக்கு இப்போது வியப்பாக இருக்கிறது. விற்காமற் போன அந்த நூலை முழுதாகப் படிக்க ஆசை.

இப்போது என் கவனம் மாமல்லபுரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. கடற்கரையில் மீன் வறுவல் கடைகளும் பஜ்ஜிக் கடைகளும் எத்தனை! மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். கீழே ஊற்றினால் சாக்கடையும் கடலும் கெடும். கடைக்காரர் ஒருவர் மூன்று லிட்டர் கறுத்த எண்ணெயை விலையின்றியே கொடுத்தார். அதைக் கேனில் ஊற்றி, கசியாமல் மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பேருந்தில் வந்தேன். மீன் நாற்றம் தாங்காமல் நடத்துனர் என்னைக் கடைசி இருக்கைக்கு அனுப்பிவிட்டார். அதன் அமில அளவு புங்க எண்ணெயைவிடக் குறைவாகவே இருக்கிறது. வடிகட்டி, நீரை ஓட்டி வைத்திருக்கிறேன். பருவத் தேர்வு முடிந்ததும் ஆய்வகம் திறக்கும்.